மருந்து முடிஞ்சாச்சு, டெஸ்ட் எப்போ? பால்வினை நோயும் "குணமாச்சு" என்ற சொல்லின் 150 வருஷக் கதையும்

நீளமான பதிவு மக்களே. நேரம் இருக்கும்போது நிதானமா படிங்க. யாருக்காவது தேவைப்படும்னு தோணினா, ஒன்னும் கேட்காம அனுப்பி வைங்க.

ஓபி முடியுற நேரத்துல, கூட்டம் கலைஞ்சதும் கதவோரம் நின்னு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி வரும். "டாக்டர், ஊசி போட்டாச்சு, மாத்திரையும் முடிச்சாச்சு. எப்போ டெஸ்ட் எடுத்தா கிளியர்னு வரும்?" சில பேர் கேட்கவே மாட்டாங்க. நேரா தனியார் லேப்புக்குப் போய் பத்தாவது நாளே டெஸ்ட் எடுத்துட்டு, பாசிட்டிவ் ரிப்போர்ட்டோட ராத்திரி தூக்கம் இல்லாம வந்து நிப்பாங்க. அந்த ஒரு பேப்பரை வச்சு வீட்டுல மனைவி மேல சந்தேகம், கணவன் மேல சந்தேகம், இன்னொரு மருந்துக்கடையில இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாடிக். இத்தனைக்கும் அவருக்கு நோய் எப்பவோ போயிருக்கும்.

இதுக்கு "இத்தனை நாள்"னு ஒரே நம்பர் சொல்ல முடியாது. எந்த நோய், எந்த டெஸ்ட்ங்கிறதைப் பொறுத்து மாறும். அது ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1872. எமில் நோகராத் என்ற மகப்பேறு மருத்துவர். ஜெர்மனியில பிறந்து நியூயார்க்ல வேலை பார்த்தவர். கொனோரியா, நம்ம ஊர்ல வெட்டை நோய்னு சொல்றது, அந்தக் காலத்துல ஆண்களுக்குச் சளி பிடிச்ச மாதிரிதான் பார்க்கப்பட்டுச்சு. சீழ் வரும், எரியும், சில வாரத்துல நின்னுடும். நின்னா குணம். டாக்டரும் அப்படித்தான் சொல்வார். அப்புறம் கல்யாணம்.

நோகராத் பார்த்தது அந்த மனைவிகளை. கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா இருந்த பெண்கள், சில மாசத்துல அடிவயிற்று வலி, காய்ச்சல், அப்புறம் குழந்தை இல்லை. ஒன்னு ரெண்டு இல்ல, தொடர்ந்து வந்தாங்க. கணவர்களை விசாரிச்சா "எனக்கு அது எப்பவோ சரியாயிடுச்சே"ன்னு பதில். சீழ் நின்னதுக்கு அப்புறமும் நோய் உள்ளே ஒளிஞ்சு இருக்குது, குணமானதா சொல்லப்பட்ட ஆண்களே மனைவிக்குக் கொடுக்கிறாங்கன்னு அவர் எழுதினார். கூட இருந்த டாக்டர்களுக்கே கோபம். மரியாதையான குடும்பத்து ஆண்களை இப்படிச் சொல்றதான்னு எதிர்த்தாங்க. அவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்பதும் உண்மை. ஒரு தடவை வந்தா போகவே போகாதுங்கிற அளவுக்குப் போனார். ஆனா அடிப்படை விஷயம் சரி. குழந்தை இல்லைன்னு அந்தப் பெண்களைத்தான் ஊர் குறை சொல்லியிருக்கும்.

அறிகுறி நின்னா குணம் ஆகிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. இது அன்னைக்குத்தான் எழுத்துல வந்துச்சு. ஆனா அதை நிரூபிக்கக் கையில ஒன்னும் இல்லை.

ஏழு வருஷம் கழிச்சு அது கிடைச்சுது. 1879-ல் ஆல்பர்ட் நைசர்னு 24 வயசு டாக்டர், சீழை மைக்ராஸ்கோப்ல பார்த்து காப்பிக்கொட்டை ரெண்டை ஒட்டி வச்ச மாதிரி இருக்கும் அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அது நைசீரியா கொனோரியா, அவர் பேர்லதான் இருக்கு. இனிமே "சீழ் நின்னுச்சா"ன்னு கேட்க வேண்டாம், "கிருமி இருக்கா"ன்னு பார்க்கலாம்.

சீழே வராதவனுக்கு எதை எடுத்துப் பார்ப்பது? இங்கேதான் மருத்துவ வரலாற்றுல ஒரு வேடிக்கையான அத்தியாயம். உள்ளே ஒளிஞ்சிருக்கும் கிருமியைச் சீண்டி வெளியே வரவைக்கணும்னு டாக்டர்கள் முடிவு பண்ணினாங்க. சிறுநீர்ப் பாதையில வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டு எரிச்சல் உண்டாக்குவாங்க, உலோகக் கம்பியை உள்ளே விடுவாங்க. ஜெர்மனியில இன்னொரு வழியும் இருந்துச்சு: நல்லா பீர் குடிச்சுட்டு மறுநாள் வா! மறுநாள் காலையில சொட்டு சீழ் வந்தா இன்னும் குணமாகலை, வரலைன்னா கல்யாணத் தேதி குறிச்சுக்கலாம். இதையெல்லாம் நான் கிண்டலுக்காகச் சொல்லலை. "மருந்துக்கு அப்புறம் எப்போ, எப்படி சோதிக்கணும்"ங்கிற கேள்விக்கு அந்தக் காலத்து நேர்மையான பதில் அதுதான்.

(நைசர் பத்தி ஒன்னு சொல்லிட்டுப் போறேன். பெரிய விஞ்ஞானிதான். ஆனா 1890களில் சிபிலிஸ் நோயாளிகளோட சீரத்தை, பாலியல் தொழில் செய்த பெண்களுக்கு, அவங்ககிட்ட சொல்லாமலே ஊசியா போட்டுப் பார்த்தவர். அது வெளியே தெரிஞ்சு பெரிய பிரச்சினையாகி, 1900-ல் நோயாளியோட சம்மதம் இல்லாம பரிசோதனை கூடாதுன்னு பிரஷ்ய அரசு உத்தரவு போட்டுச்சு. பேர் எவ்வளவு பெருசா இருந்தாலும் கதையை முழுசா தெரிஞ்சு வச்சுக்கணும்.)

அடுத்தது சிபிலிஸ். கிரந்தி, மேகப்புண்னு ஊருக்கு ஊர் ஒரு பேர். 1905-ல் ஜெர்மனியில ஷௌடின், ஹாஃப்மன் ரெண்டு பேரும் அந்தச் சுருள் கிருமியைக் கண்டுபிடிச்சாங்க. 1906-ல் வாசர்மன், மறுபடியும் நைசர், கூட ப்ரூக், மூணு பேரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனை கொண்டுவந்தாங்க. வாசர்மன் டெஸ்ட். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள்ல பல பத்தாண்டுகள் ஓடுச்சு. அமெரிக்காவில் 1935-ல் கனெடிகட் மாநிலம், கல்யாணத்துக்கு முன்னாடி சிபிலிஸ் ரத்த டெஸ்ட் கட்டாயம்னு சட்டமே போட்டுச்சு. மத்த மாநிலங்கள் பின்னாடியே வந்தன.

இந்த டெஸ்ட்ல ஒரு சூட்சுமம் இருந்துச்சு. சிபிலிஸோட பிறந்து இறந்த சிசுக்களின் ஈரலை, கிருமி நிறைய இருக்கும்னு, சாறா எடுத்து டெஸ்ட்ல பயன்படுத்தினாங்க. நோயாளியோட ரத்தம் அந்தச் சாறோட வினை புரிஞ்சா பாசிட்டிவ். கொஞ்ச நாள்லயே, நோயே இல்லாத விலங்கோட இதயச் சாறை வச்சாலும் அதே ரிசல்ட் வருதுன்னு தெரிஞ்சுது! அப்படின்னா டெஸ்ட் பார்த்தது கிருமியை இல்லை. கிருமி உடம்பைச் சேதப்படுத்தும்போது ஒரு கொழுப்புப் பொருளுக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைப் பார்த்திருக்கு. 1941-ல் மேரி பேங்போர்ன்னு ஒரு அமெரிக்க வேதியியலாளர் மாட்டு இதயத்திலிருந்து அந்தக் கொழுப்பைப் பிரிச்செடுத்து கார்டியோலிப்பின்னு பேர் வச்சார். அதை வச்சு 1946-ல் வந்ததுதான் விடிஆர்எல் டெஸ்ட். இன்னைக்கும் நம்ம ஊர்ல கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற விடிஆர்எல், ஆர்பிஆர் எல்லாம் இந்தக் குடும்பம்தான். மலேரியா, தொழுநோய் இருக்கிறவங்களுக்கும் சில நேரம் இது பாசிட்டிவ் காட்டும். நம்ம நாட்டுல இது சின்ன விஷயம் இல்லை.

சரி, இதுக்கும் நம்ம கேள்விக்கும் என்ன சம்பந்தம்? திருடன் ஓடிட்டாலும் தெருநாய் கொஞ்ச நேரம் குரைச்சுக்கிட்டேதான் இருக்கும். கிருமி செத்தாலும் ஆன்டிபாடி உடனே குறையாது. மாசக்கணக்காகும். சிலருக்கு முழுசா போகவே போகாது.

அந்தக் காலத்து டாக்டர்கள் இதைப் புரிஞ்சுக்க ரொம்ப நாள் எடுத்துக்கிட்டாங்க, விலை கொடுத்தது நோயாளிகள். 1910-ல் எர்லிச்சோட சால்வர்சான் மருந்து விற்பனைக்கு வந்துச்சு. ஆர்சனிக், அதாவது பாஷாண வகை. அப்புறம் 1920களில் பிஸ்மத் ஊசி. வாரா வாரம் ஊசி, ஒரு வருஷத்துக்கும் மேல. இத்தனைக்கு அப்புறமும் சிலருக்கு வாசர்மன் பாசிட்டிவாவே நிக்கும். அவங்களுக்கு "வாசர்மன் ஃபாஸ்ட்"னு பேரே வச்சாங்க. புண் இல்லை, வலி இல்லை, ஆனா பேப்பர்ல பாசிட்டிவ். அதனால மறுபடி ஊசி. கல்லீரல் பாதிப்பு, தோல் உரியுறது, நரம்புத் தளர்ச்சி, இது எல்லாத்தையும் தாங்கிக்கிட்டு, நோய்க்கு இல்லாம ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் வாங்கிக்கிட்டவங்க நிறைய பேர்.

1943-ல் பென்சிலின். நியூயார்க் ஸ்டேட்டன் ஐலண்ட் கடல்துறை ஆஸ்பத்திரியில டாக்டர் மஹோனியும் அவர் குழுவும் ஆரம்பகால சிபிலிஸ் இருந்த நாலு நோயாளிகளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, எட்டு நாள் போட்டாங்க. கிருமி மறைஞ்சுது. ஒரு வருஷத்துக்கு மேல இழுத்த வைத்தியம் எட்டு நாள்ல! ஆனா ரத்த டெஸ்ட் மட்டும் அதே பழைய வேகத்துலதான், மெதுவா, படிப்படியா குறைஞ்சுது. மருந்து வேகமானாலும் உடம்போட ஞாபகம் வேகமாகாது.

அதனாலதான் சிபிலிஸுக்கு "நெகட்டிவ் ஆச்சா"ன்னு பார்க்கிறதில்லை, "எவ்வளவு குறைஞ்சுது"ன்னு பார்க்கிறோம். ரிப்போர்ட்ல 1:32, 1:8னு போட்டிருக்கும் பாருங்க, அதுதான். ரசத்துல தண்ணி ஊத்திக்கிட்டே போய், எந்த இடம் வரைக்கும் புளிப்பு தெரியுதுன்னு பார்க்கிற மாதிரி. 32 மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ்னா 1:32. அது 1:8க்கு வந்தா நாலு மடங்கு இறக்கம், மருந்து நல்லா வேலை செஞ்சிருக்குன்னு எடுத்துக்கலாம். இதைப் பொதுவா 6-வது மாசமும் 12-வது மாசமும் பார்ப்போம். ரொம்ப நாள் பழைய நோய்னா 24-வது மாசமும். ஹெச்ஐவி இருக்கிறவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அடிக்கடி. ஊசி போட்ட அன்னைக்கே ஒரு ரத்தம் எடுத்து நம்பர் குறிச்சு வச்சாத்தான் பிறகு ஒப்பிட முடியும். அதே டெஸ்ட், முடிஞ்சவரை அதே லேப். ஒரு இடத்துல விடிஆர்எல், இன்னொரு இடத்துல ஆர்பிஆர்னு எடுத்து ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பார்க்கக் கூடாது.

டிபிஹெச்ஏன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அது சிபிலிஸ் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியையே பார்க்குது. குணமானாலும் பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க பாசிட்டிவ்தான். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போற பசங்க இதுல மாட்டிக்கிட்டு அழுதுட்டு வருவாங்க. எப்பவோ ஊசி போட்டு குணமான பையன், விடிஆர்எல் நெகட்டிவ், டிபிஹெச்ஏ பாசிட்டிவ். அவனுக்கு மறுபடி மருந்து தேவைப்படுறது ரொம்ப அரிது. தேவைப்படுறது பழைய சீட்டு. எந்தத் தேதியில என்ன ஊசி, அப்போ நம்பர் என்ன, அப்புறம் நம்பர் என்ன. வெட்கப்பட்டு அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடாதீங்க தம்பிகளா. போட்டோ எடுத்தாவது வச்சுக்கோங்க.

கொனோரியாவுக்குத் திரும்ப வருவோம். 1930களின் கடைசியில சல்ஃபா மாத்திரை வந்துச்சு. சீழ் ரெண்டு நாள்ல நின்னுடும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா கல்ச்சர் வச்சுப் பார்த்தா சிலர்கிட்ட கிருமி உயிரோட இருந்துச்சு, அவங்க அதைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சாங்க. நோகராத் சொன்னதேதான், இந்தத் தடவை மாத்திரையோட. சில வருஷத்துல சல்ஃபா பல இடங்கள்ல வேலை செய்யாம போச்சு. அப்புறம் பென்சிலின். அதோட டோஸும் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போய், 1970களில் 48 லட்சம் யூனிட் வரை வந்துச்சு. 1976-ல் பென்சிலினையே உடைக்கிற நொதியோட கொனோரியா கிருமி வந்துச்சு. இன்னைக்கு செஃப்ட்ரியாக்சோன் வரைக்கும் வந்து நிக்கிறோம்.

கல்ச்சர்ங்கிறது உயிரோட இருக்கிற கிருமியை மட்டும் வளர்த்துக் காட்டும். ரத்தத்தைச் சூடாக்கிச் சேர்த்த "சாக்லேட் அகார்"ல வளர்ப்பாங்க (சாக்லேட் எல்லாம் கிடையாது, நிறம்தான்). செத்த கிருமி வளராது. அதனால மருந்து முடிஞ்சு மூணு நாள் கழிச்சு எடுத்தாலே கல்ச்சர் உண்மையைச் சொல்லிடும். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே எடுத்தா மட்டும் பொய்யா நெகட்டிவ் வரலாம்.

கிளமிடியா கதை வேற. இதை முதல்ல பார்த்தது 1907-ல், ஜாவா தீவுல. சிபிலிஸ் ஆராய்ச்சிக்கு அங்கே போன நம்ம நைசரோட பயணக் குழுவுல இருந்த ஹால்பர்ஷ்டேட்டர், ப்ரோவசெக்னு ரெண்டு பேர். செல்லுக்கு உள்ளேயே வாழ்கிற கிருமி. சாதாரணத் தட்டுல வளராது. அதனால ரொம்ப காலம் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களுக்கு வெளியே இதைச் சோதிக்கவே முடியலை. பெண்களுக்கு முக்கால்வாசி நேரம் அறிகுறியே இருக்காது. கருக்குழாய் அடைச்சதுக்கு அப்புறம்தான் தெரியும்.

1990களில் பிசிஆர் வந்ததும் இது தலைகீழா மாறிச்சு. கொரோனா சமயத்துல எல்லாரும் கேள்விப்பட்ட அதே பிசிஆர்தான். கிருமியோட மரபணுத் துண்டை லட்சக்கணக்குல நகல் எடுத்துக் காட்டும். கொஞ்சம் சிறுநீர் போதும். அற்புதமான டெஸ்ட். ஆனா மருந்து கொடுத்த பெண்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வாளர்களுக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது: கல்ச்சர்ல ஒன்னும் வளராத நிலையிலும் பிசிஆர் ரெண்டு மூணு வாரம் வரை பாசிட்டிவ் காட்டுச்சு.

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபத்துக்குப் பின்னாடி எச்சில் இலை குவிஞ்சு கிடக்கும். அதைப் பார்த்துட்டு உள்ளே பந்தி நடக்குதுன்னு இலை போட்டு உட்காரக் கூடாது இல்லையா? பிசிஆர் பார்க்கிறது அந்த இலையை. செத்த கிருமியோட மிச்சம் உடம்பை விட்டு வெளியேற வாரக்கணக்கு ஆகும். பத்தாவது நாள் ரிப்போர்ட்டைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போட்ட அந்தத் தம்பதிக்கு நடந்தது இதுதான்.

ஆகவே இன்னைக்கு நிலவரம் இது.

கிளமிடியா: சரியான மருந்தை முழுசா சாப்பிட்டா, குணமாச்சான்னு பார்க்க எல்லாருக்கும் டெஸ்ட் தேவையில்லை. கர்ப்பிணிகளுக்குக் கட்டாயம் பார்க்கணும், மருந்து முடிஞ்சு சுமார் 4 வாரம் கழிச்சு. அதுக்கு முன்னாடி பிசிஆர் எடுக்காதீங்க, காசும் போகும் நிம்மதியும் போகும்.

கொனோரியா: தொண்டையில தொற்று இருந்தா 7 முதல் 14 நாளுக்குள் டெஸ்ட் பண்ணணும், தொண்டைக்கு மருந்து சரியா போய்ச் சேர்றது கஷ்டம். இந்தக் காலத்துக்குள்ள எடுக்கிற பிசிஆர் பாசிட்டிவ்னா கல்ச்சர் வச்சு உறுதி பண்ணணும், மிச்ச மரபணுவாக்கூட இருக்கலாம். மத்த இடங்கள்ல, அறிகுறி போயிட்டா இந்த டெஸ்ட் எல்லா நாட்டு வழிகாட்டுதலிலும் கட்டாயம் இல்லை. ஆனா மருந்துக்கு அப்புறம் ஒரு வாரம் ஆகியும் சீழோ எரிச்சலோ நிக்கலைன்னா காத்திருக்காதீங்க, கல்ச்சர் வைக்கணும். கிருமி மருந்துக்கு அடங்கலையோன்னு பார்க்கணும். கடையில போய் "இன்னும் ஸ்ட்ராங்கா" கேட்டு வாங்காதீங்க.

ரெண்டுக்குமே 3 மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுக்கணும். இது வேற கேள்விக்கான டெஸ்ட். மருந்து வேலை செஞ்சுதான்னு பார்க்க இல்லை, மறுபடி தொத்தியிருக்கான்னு பார்க்க. திரும்ப பாசிட்டிவ் வர்றவங்கள்ல பெரும்பாலும் மருந்து தோத்திருக்காது, துணைக்கு வைத்தியம் பார்க்காம விட்டிருப்பாங்க. இவர் குணமாகி அவர்கிட்ட வாங்க, அவர் குணமாகி இவர்கிட்ட வாங்க, பிங்பாங் பந்து மாதிரி. அதனால ரெண்டு பேருக்கும் மருந்து, ஒரே டோஸ் மருந்துன்னா அதுக்கு அப்புறம் 7 நாள், இல்லைன்னா கோர்ஸ் முடியுற வரை, உறவு வேண்டாம்.

இன்னொன்னு. பென்சிலின் வந்த புதுசுலேயே டாக்டர்களுக்கு ஒரு பயம் இருந்துச்சு: கொனோரியாவுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக், அதே சமயம் உடம்புல நுழைஞ்ச சிபிலிஸை முழுசா கொல்லாம அமுக்கி மட்டும் வச்சிடுமோன்னு. அதனால வெட்டைக்கு வந்தவங்களையும் சில மாசம் கழிச்சு ரத்தம் கொடுக்கச் சொல்வாங்க. அந்தப் பழைய பழக்கம் இன்னைக்கும் நல்ல பழக்கம்தான். சிபிலிஸ் வெளிப்பட 90 நாள் வரை ஆகலாம். எனவே முதல் நாள் ஒரு விடிஆர்எல், ஹெச்ஐவி டெஸ்ட். 3 மாசம் முடிஞ்சு ரெண்டையும் மறுபடி. ஹெச்ஐவி ரிசல்ட்டை ஆன்டிபயாடிக் மாத்தாது, மாத்திரை முடியட்டும்னு அதைத் தள்ளிப் போட வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தா பெரும்பாலும் அறிகுறியை வச்சே மருந்து கிட் கொடுத்து அனுப்புவோம். சீழுக்கு, வெள்ளைப்படுதலுக்கு ஒரு நிறம், புண்ணுக்கு ஒரு நிறம். எல்லா ஊர்லயும் பிசிஆர் இல்லாத நாட்டுல இது நியாயமான ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அறிகுறியே இல்லாத துணை இந்த வலையில சிக்க மாட்டாங்க. 1872-ல் நோகராத் பார்த்த அதே மனைவிகள். அதனாலதான் துணையைக் கூட்டிட்டு வாங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றோம். நேர்ல வர முடியலைன்னா, எப்படிச் சொல்றதுன்னு கவுன்சிலர்கிட்ட பேசுங்க. பால்வினை நோய்ப் பிரிவும் நம்பிக்கை மையமும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல இருக்கு. டெஸ்ட், மருந்து, கவுன்சிலிங் மூணும் இலவசம். யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்.

கமென்ட்ல கேட்கக் கூச்சமா இருந்தா மெசேஜ் அனுப்புங்க. டியூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். ரிப்போர்ட் அனுப்புறவங்க பேரை மறைச்சு அனுப்புங்க. மருந்து எடுத்த தேதி, டெஸ்ட் எடுத்த தேதி, டெஸ்ட்டோட பேர், இந்த மூணும் தெரியுற மாதிரி இருந்தா போதும்.